வால்வைப் பிடுங்கிய பிறகும் பாடிய ஆம்ப்ளிஃபையர்: வாங்கவிருப்போர் கவனத்திற்கு

வீட்டில் பாட்டுக் கேட்க வால்வு (ஒலியைப் பெருக்கும் பழைய காலக் கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபையர் வாங்குவதா, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் வாங்குவதா என்று மூன்று மாதம் குழம்பிய பிறகு, சென்னையில் ஒரு கடைக்காரர் "முழுக்க வால்வு சார், சேனலுக்கு ஐம்பது வாட்" என்று சொன்னதை நம்பி 22,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

அந்தப் பெட்டியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ எல்லா வால்வு ஆம்ப்ளிஃபையர்களிலும் இடம், வலம் என ஒவ்வொரு சேனலுக்கும், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஓர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அந்த இரும்பின் கனத்தைக் கை உணராமல் இருக்காது. அடுத்து, சுவிட்சைப் போட்ட கணமே பாட்டு வந்துவிட்டது. வால்வு சூடேறி வேலை செய்யத் தொடங்கச் சில வினாடிகளாவது ஆக வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் கண்ணாடி வெதுவெதுப்பாகக்கூட இல்லாததால், கட்டை விரல் அளவிலான அந்த இரண்டு வால்வுகளையும் மெல்லப் பிடுங்கினேன். பாட்டு நிற்கவில்லை. வால்வு இருந்த குழிகளிலிருந்து இரண்டு ஆரஞ்சு நிற எல்இடி விளக்குகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

24 வோல்ட் அடாப்டரில் ஓடுவது என்பதால்தான் துணிந்து திறந்தேன். உண்மையான வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் 300 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும் என்பதாலும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதாலும், பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது. என் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் மூடிகள் வெறும் தகரமாக இருந்தன; வேலை முழுவதையும் செய்தது டிபிஏ3116 என்ற கிளாஸ்-டி சிப், அதாவது டிரான்சிஸ்டர்களால் ஆன சிறு ஆம்ப்ளிஃபையர் சிப். அது மோசமான சிப் அன்று. அதன் பெயரைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்குப் புகாரே இல்லை.

வாட் கணக்கிலும் நான் ஏமாந்திருக்கத் தேவையில்லை. பலரும் அறிந்த ஈஎல்84 வால்வு தனியாக இயங்கினால் சுமார் 5 வாட்தான் தரும். ஜோடியாக, ஒலி அலையின் இரு பாதிகளைப் பகிர்ந்துகொள்ளும் புஷ்-புல் முறையில் இயங்கினால் 10 முதல் 15 வாட் வரை கிடைக்கும். அப்படியிருக்க, அந்த இரண்டு சிறு வால்வுகள் சேனலுக்கு ஐம்பது வாட் தருவது எப்படி? என்னிடம் இருப்பவையோ 86 டெசிபல் உணர்திறன் கொண்ட 4 ஓம் ஸ்பீக்கர்கள்; உணர்திறன் குறைவு என்பதால் இவை உரக்க ஒலிக்க அதிக வாட் தேவை. சற்றுப் பெரிய கூடத்தில் இவற்றை உரக்கப் பாடவைக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரே பொருந்தும் என்பதை நேர்மையான விற்பனையாளர் ஒருவர் முதல் கேள்வியிலேயே சொல்லியிருப்பார். இந்தக் கடையில் என் ஸ்பீக்கரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உள்ளே வால்வு இருக்குதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர். ரசீதில் "ஆடியோ ஆம்ப்ளிஃபையர் – 1" என்று மட்டுமே எழுதியிருந்தது. வால்வு வகையையும் வாட் அளவையும் எழுதித் தரச் சொல்லி நான் கேட்காதது அவருக்கு வசதியாகப் போயிற்று. வால்வுகள் இல்லாமல் பாட்டு ஓடுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன்.