சுப்பீரியர் காட்டில் ஏரிக்கரைக் கூடாரம்: இலவசமா, அனுமதிச் சீட்டா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள சுப்பீரியர் தேசியக் காட்டில் ஏரியோரம் தங்க இரண்டு வழி. ஒன்று, 'பவுண்டரி வாட்டர்ஸ்' பகுதிக்குள் துடுப்புப் படகில் போவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க, எண்ணித்தான் அனுமதிச் சீட்டு தருவார்கள், கட்டணமும் உண்டு. குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. டின்னும் கண்ணாடி பாட்டிலும் தடை என்பதால், ஊறுகாயை வீட்டிலேயே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, அந்த எல்லைக்கு வெளியே உள்ள ஏரிக்கரை இடங்கள். காசு இல்லை, முன்பதிவு இல்லை; முந்தியவருக்கு இடம். வசதி? இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அடுப்புக்கு ஓர் இரும்புத் தட்டி, சற்றுத் தள்ளி மரங்களுக்கு நடுவே சுவரும் கூரையும் இல்லாத கழிப்பறை. கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டைக் கட்டித் தொங்கவிடுவதும், ஏரித் தண்ணீரைக் காய்ச்சுவதும் எங்கே போனாலும் நம் வேலை. கொசுவும் பாரபட்சம் பார்ப்பதில்லை.

வித்தியாசம் சத்தத்தில்தான். உள்ளே பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் கூடாது. இருட்டியதும் லூன் பறவையின் ஓலம் அக்கரை வரை கேட்கும். வெளியே சனிக்கிழமை படகுகள் உறுமும், நல்ல இடமும் போயிருக்கும். எனக்கு இலவசமே போதும், ஆனால் செவ்வாய்க்கிழமை பார்த்துத்தான் கிளம்புவேன்.