ஊட்டி இலவச சட்ட உதவி: மனு சுலபம், வாய்தாதான் சிக்கல்

நீலகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே, ஃபிங்கர்போஸ்ட் பக்கம் காக்காதோப்பில் இருக்கிறது. கூடலூர் பஸ்ஸில் வருபவர்கள் ஊட்டி பஸ் ஸ்டாண்டு வரை போகாமல் ஃபிங்கர்போஸ்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். மாவட்ட நீதிபதி தலைவர். தினசரி வேலையைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் நீதிபதிதான். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்காரர்கள் முதலில் தங்கள் ஊர் கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் போவது நல்லது. பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு கையெழுத்துக்காக வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும். நேரில் வரவே முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் ஆரம்பிக்கலாம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் மலையில் குழப்பம் அதிகம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், நிலச்சரிவு, வெள்ளம் மாதிரியான பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கும் கிடையாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் எஸ்.டி. பட்டியலில் இருப்பதால் சாதிச் சான்றிதழே போதும். படகர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே படக ஆண் ஒருவர் வந்தால் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்று காட்ட வேண்டும். அவருடைய அக்காவுக்கு அந்தக் கேள்வியே எழாது. வருமானத்துக்குத் தாசில்தார் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது. கவுன்டரில் யாராவது சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றால் பிரிவு 13 என்று சொல்லிப் பாருங்கள்.

மனு வெள்ளைத்தாளில் எழுதலாம், ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலகத்தாரே எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு பக்கத்தில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போகும் மனுவுக்கு மதிப்பே வேறு. "2018: அப்பா இறந்தார். 2020: அண்ணன் தன் பெயருக்குப் பட்டா மாற்றினார். 2023: தேயிலைத் தோட்டத்தில் இலை எடுக்க விடவில்லை." இப்படி மூன்று வரி போதும். கூடவே பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ், எதிராளியின் முழு முகவரி. எதிராளி முகவரியில் கதவு எண் இல்லாமல் ஹட்டியின் (படகர் ஊர்) பேரை மட்டும் எழுதினால் சம்மன் போகாமல் திரும்பி வரும், இரண்டு வாய்தா அதிலேயே போகும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7 நாளுக்குள் மனு மீது முடிவெடுக்க வேண்டும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மேல் ஏற்கெனவே வழக்கு போடப்பட்டு சம்மன் கையில் வந்திருந்தால், எதிருரை (உங்கள் பதில்) தாக்கல் செய்ய 30 நாள்தான்; கோர்ட் நினைத்தால் 90 வரை நீட்டிக்கும். இலவச உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன் என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. சம்மன் வந்து ஒரு மாதம் கழித்து வருபவர்களில் பலர் எக்ஸ்பார்ட்டி ஆன பிறகே, அதாவது தாங்கள் வராமலே தீர்ப்பான பிறகே, வருகிறார்கள். அப்போதும் 30 நாளுக்குள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய மனு போடலாம், ஆனால் வராததற்குக் காரணம் காட்ட வேண்டும். மண் சரிந்து ரோடு மூடிய நாள் என்றால் அன்றைய பத்திரிகைச் செய்தியை வெட்டி வையுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரிய குறையில்லை. வக்கீல் நியமனத்துக்குப் பிறகுதான் சேவையின் பலவீனம் தெரியும். குற்ற வழக்குகளுக்கு 2022 முதல் முழுநேர இலவச வக்கீல்களை வைக்கும் திட்டம் வந்தது. சிவில் பக்கம் இன்னும் பேனல் (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள) வக்கீல்தான்: சொந்தக் கட்சிக்காரர்களோடு சேர்த்து, குறைந்த மதிப்பூதியத்துக்கு உங்கள் வழக்குக் கட்டையும் தூக்கிச் சுமப்பவர். அதனால் வாய்தா தேதியை அவர் சொல்வார் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வழக்கு எண் விழுந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) கேட்டு வாங்குங்கள், ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி வரும். வக்கீல் போகாமல் வழக்கு டிஸ்மிஸ் ஆனால் மறுபடி கோப்புக்கு எடுக்கவும் 30 நாள்தான். ஒத்துவரவில்லை என்றால் வக்கீலை மாற்றக் கேட்டு செயலாளரிடம் மனு கொடுக்கலாம். அதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, கீழ்நாட்டு (சமவெளி) மாதிரியை அப்படியே பிரதி எடுத்த பிராது. கோத்தர் அல்லது இருளர் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் பங்கு கேட்டு எழுதினால் முதல் நாளிலேயே ஆட்டம் காணும், அந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. வழக்காற்றை வைத்தே வாதாட வேண்டும். படக இந்துக் குடும்பத்து மகளுக்கோ, மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தரும் 2005 திருத்தம் நேராகப் பொருந்தும். கூடலூர், பந்தலூர் நிலத்தில், அந்த சர்வே எண் 1969ஆம் ஆண்டு ஜென்ம (பழைய நிலப்பிரபு உரிமை) ஒழிப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறது, குறிப்பாகப் பிரிவு 17இல் வருகிறதா என்று பார்க்காமல் சாதாரணப் பட்டா வழக்காகப் போடுவது வீண் வேலை. அரசையும் சேர்க்க வேண்டி வந்தால் அவசர நிவாரணம் கேட்காத வழக்கில் 2 மாத நோட்டீஸ் முன்னதாகவே போயிருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

காசு விஷயம். கோர்ட் கட்டணம், நகல் செலவு, மொழிபெயர்ப்பு, சாட்சிச் செலவு எல்லாம் இலவச உதவிக்குள் வரும். பணம் கேட்டு வழக்கு என்றால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017க்குப் பிறகு 3 சதவீதம். 2 லட்சத்துக்கு 6,000 ரூபாய் மிச்சம். "டைப்பிங் செலவு" என்று யாராவது கை நீட்டினால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் கை தானே இறங்கிவிடும்.  இலவச உதவிக்கான செலவு வரிப்பணம். 1976இல் அரசமைப்பில் இலவச சட்ட உதவி பற்றிய 39ஏ பிரிவு சேர்ந்த நாளிலிருந்து உரிமையாகச் சொல்லப்படுவது, ஆகவே குனிந்து நிற்க வேண்டியதில்லை.

மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் வாகன விபத்துக்கும் பேங்க் கடனுக்கும் போகலாம். கட்டிய கோர்ட் கட்டணம் முழுதும் திரும்பும். பாகப் பிரிவினையில் யோசியுங்கள். அங்கே போடும் கையெழுத்து தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா, தண்ணீர் வரும் வழி யாருக்கு என்பது புல வரைபடத்தில் குறிக்கப்படாமல் வாயால் முடிந்தால் அடுத்த பருவத்திலேயே சண்டை வரும்.

பிள்ளைகள் சோறு போடவில்லை என்று வரும் முதியவர்களுக்கு வக்கீலே தேவையில்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஊட்டி, குன்னூர், கூடலூர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார்.

அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்முன் நியமன உத்தரவின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உங்கள் மனு எண்ணும் வக்கீலின் பெயரும் இருக்கும். அது இல்லாமல் அடுத்த வாரம் வந்தால் முதல் கவுன்டரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டிவரும்.