பவேரியத் தகடு, பிரஷ்யத் தோல்: பிக்கல்ஹௌபே வாங்குவோர் கவனத்துக்கு

ஜெர்மனியில் பழைய ராணுவத் தலைக்கவசம் சேகரிக்கிறீர்களா? உச்சியில் கூர்முனை வைத்த பிக்கல்ஹௌபே மேல் ஆசையா? இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

முதல் உலகப் போருக்கு முந்தைய பவேரியச் சிப்பாயின் கவசம் என்று சொல்லி 900 யூரோவுக்கு ஒன்றை என்னிடம் விற்றார்கள். "ஒரே குடும்பத்தில் இருந்தது, யாரும் கை வைக்காதது" என்று விற்றவர் எழுதியே கொடுத்தார். உள்பக்கப் படம் கேட்டபோதெல்லாம் வெளிச்சம் சரியில்லை, ஊரில் இல்லை என்று சாக்குதான் வந்தது.

பார்சல் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையே இல்லை. முன்பக்க உலோகத் தகட்டில் கேடயத்தைத் தாங்கும் இரண்டு சிங்கங்கள், கீழே 'இன் ட்ரொய்யே ஃபெஸ்ட்' என்ற பவேரிய வாசகம், எல்லாம் தெளிவாக இருந்தன. உள்ளே இருக்கும் தோல் மடல்களைத் தூக்கியதும் விஷயம் புரிந்துவிட்டது. தகட்டின் பின்னால் உள்ள வளையங்கள் தோலைத் துளைத்து உள்ளே வரும், சிறு தோல் ஆப்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இதில் அந்தத் துளைகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி துளை. கறுப்பு மெழுகால் அடைத்து மெருகேற்றியிருந்தார்கள். அடைத்த துளைகளின் ஓரம் தேய்ந்து கறுத்திருந்தது. இப்போது தகடு மாட்டியிருக்கும் துளைகளின் ஓரமோ புதிதாக வெட்டியது போல வெளிறிய தோல். நூறு வருடத்துக்கு முன் போட்ட துளை அப்படி இருக்காது.

அப்புறம் பின்கழுத்துப் பக்கத்தின் உள்ளே ஒரு முத்திரை: 'பி.ஏ.', பக்கத்தில் ரோமன் எண்ணில் 11. அது பவேரியாவைப் போலவே அன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதியாக இருந்த பிரஷ்யாவின் 11ஆம் படைப்பிரிவு, தலைமையிடம் காஸல், அதன் சீருடைக் கிடங்கு முத்திரை. போருக்கு முன் பவேரியாவுக்கு இருந்தவை மூன்றே படைப்பிரிவுகள்: மியூனிக், வூர்ட்ஸ்பூர்க், நியூரம்பெர்க். ஆக, தோல் காஸலுடையது, தகடு மட்டும் பவேரியா. தனித்தனியாக விற்றால் இரண்டுக்கும் பெரிய விலை கிடைக்காது என்பதால்தான் இப்படி ஒட்டுப்போடுகிறார்கள். பழைய பொருளைத் துளைத்துக் கெடுத்ததுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம்.

இடது பக்கக் கோகார்டேயின் (கவசத்தின் பக்கவாட்டில் மாட்டும் வட்ட நிறச் சின்னம்) வெள்ளை, நீலம் இரண்டும் புதுப் பெயின்ட்தான்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "தனிநபர் விற்பனை, திரும்ப எடுக்க மாட்டேன்" என்றார். இந்தப் பதிலுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். குறையைத் தெரிந்தே மறைத்திருந்தாலோ, தன்மைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தாலோ அந்தச் சாக்கு செல்லாது என்று ஜெர்மன் சிவில் சட்டம் 444ஆம் பிரிவு சொல்கிறது. அவர் எழுதிய செய்திகளையும் துளைகளின் படங்களையும் வைத்துக் கெடு குறித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறார். முழுத் தொகையும் வராமல் நான் விடுவதாக இல்லை.

இதற்கிடையில் அதே ஆள் இன்னொரு பவேரியக் கவசத்தை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதிலும் உள்பக்கப் படம் இல்லை. மடல்களைத் தூக்கி எடுத்த படமும் பின்கழுத்து முத்திரையின் படமும் வராமல் யாரும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.