ஜெர்மனியின் வாய்ப்பு அட்டையா, கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியா?

கையில் வேலை இல்லாமலே போய்த் தேட ஜெர்மனி வழிவிடுகிறது. 2024 ஜூனில் வந்த 'சான்சன்கார்டே' என்ற வாய்ப்பு அட்டைக்குப் படிப்பு, அனுபவம், மொழி, வயது போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகளில் பொதுவாக 6 எடுத்தால் போதும். ஓராண்டு வரை தங்கித் தேடலாம். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். ஆனால் தங்கும் செலவுக்கான பணத்தை முன்பே காட்ட வேண்டும்.

திறன் உள்ளவர்களை நிரந்தரக் குடியேற்றத்துக்குத் தேர்ந்தெடுக்கும் முறையான கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் நுழைவதுதான் பாடு. 1,200 புள்ளிக்கான அளவுகோலில் மற்றவர்களோடு போட்டி போட்டுத்தான் விண்ணப்பிக்க அழைப்பு வாங்க முடியும். அந்த விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டால் துணைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. அப்புறம், மொழி வகுப்பு, வேலை தேட ஆலோசனை போன்ற குடியமர்வு உதவிகள் அங்கே இலவசம். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

நர்ஸ், டாக்டர் என்றால் இரண்டு நாட்டிலும் விசா மட்டும் போதாது, தொழில் உரிமமும் வேண்டும். கனடாவில் அந்த விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஆகவே எந்த ஊரில் குடியேறுவது என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

குடும்பத்தோடு போவதென்றால் கனடாவையே சொல்வேன். தனியாளாக, ஜெர்மன் மொழி கற்கும் ஆர்வத்தோடு இருப்பவருக்கு ஜெர்மனி சரி.