வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தாவது: தனித்தேர்வரா, திறந்தநிலைப் பள்ளியா?

ராயபுரத்தில் மகளை வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறோம் என்றதும் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "போலீஸ் வராதா?" 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

சரி, சான்றிதழ்? மாநில வாரியத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாக, எழுதலாம். முதலில் எட்டாவது, அப்புறம் பத்தாவது. பாடநூல் இணையத்தில் இலவசம். ஆனால் பத்தாவதுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிந்து, குறித்த பள்ளிக்குப் போய்வர வேண்டும்.

மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 வயது நிரம்பினால் பத்தாவதில் சேரலாம். ஐந்து பாடம், நாமே தேர்ந்தெடுக்கலாம். 5 ஆண்டு அவகாசம், ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். கணக்கைக் கைகழுவிவிடவும் வழி உண்டு. அதை நான் விடப்போவதில்லை. காசிமேட்டில் முக்கால் கிலோ வஞ்சிரத்துக்கு விலையை வாய்க்கணக்காகவே சொல்கிறவளுக்குக் கணக்குப் புத்தகம்தான் பிடிக்கவில்லை.

தமிழ்நாட்டிலேயே பதினொன்றில் பள்ளிக்குத் திரும்புவாள் என்றால் தனித்தேர்வர் வழி, அதே பாடத்திட்டம் என்பதால், வசதி. எங்களுக்கு அவசரமில்லை; திறந்தநிலையில்தான் பதியப்போகிறோம்.