நீரிழிவு நோயாளியின் இதயத்தைக் காக்க உதவக்கூடியது எது: இஞ்சியின் ஜிஞ்சராலா, ஷோகாவோலா?

பச்சை இஞ்சியின் காரத்துக்கு முதன்மைக் காரணம் 6-ஜிஞ்சரால். இஞ்சியை உலர்த்தினாலோ சூடாக்கினாலோ அதிலிருந்து நீர் மூலக்கூறு ஒன்று கழன்று 6-ஷோகாவோல் உருவாகிறது. அதனால் சுக்கில் இது கூடுதல். நீரிழிவில் உயர்ந்தே நிற்கும் சர்க்கரை, இதயத் தசையில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்லைச் சிதைக்கும் நிலை) அழற்சியையும் தூண்டி, நாளடைவில் நார்த்திசு படியவைத்துத் தசையை விறைப்பாக்குகிறது. இரண்டு சேர்மங்களையும் ஆய்வாளர்கள் சோதிப்பது இந்த இடத்தில்தான்.

செல் ஆய்வுகளில் பெரும்பாலும் ஷோகாவோலின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதன் கார்பன் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்பு, கீப்1 (Keap1) புரதத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு, கீப்1 அடக்கிவைத்திருக்கும் என்ஆர்எஃப்2 (Nrf2) புரதத்தை விடுவிக்கிறது. அது காப்பு மரபணுக்களை இயக்க, செல்லின் சொந்தக் காப்பு நொதிகள் பெருகுகின்றன. ஜிஞ்சராலுக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. ஆனால் அதே வீரியத்தால் ஷோகாவோல், செல்லில் இயல்பாகவே இருக்கும் காப்பு மூலக்கூறான குளூட்டாதயோனுடனும் சட்டென ஒட்டி உருமாறிவிடுகிறது.

விழுங்கிய பின் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கதி: குடலும் கல்லீரலும் குளூக்குரோனைடாக (உடல் எளிதில் வெளியேற்றக்கூடிய, நீரில் கரையும் வடிவம்) மாற்றிவிட, இரத்தத்தில் தனி வடிவில் எஞ்சுவது மிகச் சொற்பம். இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி நீரிழிவு உண்டாக்கிய எலிகளில் கண்ட பலனை மனித இதயத்துக்கு நீட்டுவது அவசரம். மருந்து உருவாக்கத்துக்கான மூலப்பொருள் என்ற அளவில் என் வாக்கு ஷோகாவோலுக்கு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் மட்டும் இஞ்சிச் சாறு மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.