பிரவுன் அகராதியின் சிகாகோ இணையப் பதிப்பு: வேமனருக்குப் போதும், அன்னமய்யாவுக்குப் போதாது

ராயலசீமையின் பழைய இலக்கியத்தைத் தெலுங்கிலேயே படிக்க விரும்பும் தமிழருக்கு எழுத்து பெரிய தொல்லை தராது. ஒரு மாதத்தில் கைவந்துவிடும். அதற்கு அப்புறம்தான் சிக்கல்: செய்யுள் சொற்களையும் சேர்த்துத் தரும் தெலுங்கு–தமிழ் அகராதி எளிதில் கிடைப்பதில்லை. ஆங்கிலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தில் உள்ள பிரவுனின் தெலுங்கு–ஆங்கில அகராதியே முதல் தேர்வு. கட்டணம் இல்லை. பக்கப்படங்களாக இல்லாமல் தட்டச்சு செய்த உரையாகவே இருப்பதால் சொல்லைத் தேடி எடுக்கலாம்.

சார்லஸ் பிலிப் பிரவுன் 1820-ல் கடப்பாவுக்கு வேலைக்கு வந்த கும்பினி அதிகாரி. அங்கே ஒரு பங்களா வாங்கி, சொந்தக் காசில் பண்டிதர்களை அமர்த்தி, ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துப் பாடபேதம் பார்க்க வைத்தார். தெலுங்கு நீதிப்பாடல் கவிஞர் வேமனரின் பாடல்களில் 693-ஐ 1829-ல் அச்சிட்டார். 1839 பதிப்பில் அது 1,164 ஆனது. அகராதி 1852-ல் சென்னையில் அச்சேறியது. அவர் திரட்டிய சுவடிகள் இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில்தான் இருக்கின்றன. கடப்பாவில் பங்களா இருந்த இடத்தில் அவர் பெயரில் ஒரு நூலகம் நடக்கிறது. இந்த வரலாறு அகராதியின் உள்ளடக்கத்தையும் தீர்மானிக்கிறது: சொற்களுக்கு மேற்கோள் அவர் கையில் இருந்த சுவடிகளிலிருந்து வருகிறது. இணையத்தில் இருப்பது வெங்கடரத்னம், கேம்பல், கந்துகூரி வீரேசலிங்கம் மூவரும் திருத்திய 1903-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு.

வேமனரின் ஒரு பாட்டை வைத்தே இதைச் சோதிக்கலாம். ஆந்திரத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும் பாட்டுத்தான்:

உப்புகப்புரம்பு நொக்கபோலிகநுண்டு
சூடசூட ருசுல ஜாட வேரு

உப்பும் கற்பூரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சுவைத்தால் வேறு என்பது பொருள். 'உப்பு', 'வேரு' இரண்டும் நேராகத் தேடினாலே கிடைக்கும். 'கப்புரம்பு' என்று தட்டினால் சிக்கல். 'ம்பு' என்று முடிவது பழைய வடிவம். அகராதியில் அது 'மு' ஈற்றில், 'கப்புரமு' என்ற தலைச்சொல்லில் இருக்கும். 'நொக்க' என்று எதுவும் கிடைக்காது. முதலில் நிற்கும் ந முந்தைய சொல்லின் கடைசி மெய்: கப்புரம்புன் + ஒக்க. நம் 'உம்' செய்யும் வேலையை அந்த ன் செய்கிறது. 'நுண்டு' என்பதும் அப்படியே, போலிகன் + உண்டு. 'சூட' என்பது 'சூசு' என்ற வினையின் எச்சம். 'சூசு' என்றே தேட வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. கீழே வரும் சந்தி விதியைப் புதிதாகக் கற்றவர், 'ஜாட' என்பதை 'சாட' ஆக்கித் தேடிவிடுவார். அது தேவையில்லை, 'ஜாட' என்பதே மூலச்சொல்.

ஆகச் சந்தியைப் பிரிக்காமல் இந்த அகராதியால் பயன் கிடையாது. பிரித்துத் தர அந்தத் தளம் உதவாது. அடிப்படையாக இரண்டு மாற்றங்களை மனதில் வைத்தால் பெரும்பாலான தோல்விகள் தீரும். ன்-இல் முடியும் சொல்லுக்குப் பின்னால் வரும் க, ச, ட, த, ப ஆகியவை அந்தந்த வர்க்கத்தின் மூன்றாம் எழுத்தாக (g, j, ḍ, d, b ஒலியாக) மாறும். எழுவாயாக நிற்கும் சொல்லுக்குப் பின்னாலோ க, ட, த மூன்றாம் எழுத்தாகவும், ச என்பது ஸ ஆகவும், ப என்பது வ ஆகவும் மாறலாம். 'வாரு போரு' என்பது 'வாரு வோரு' ஆகும். 'அபுடு சனியெ' என்பது 'அபுடு ஸனியெ' ஆகும். 'வோரு', 'ஸனியெ' என்று தேடி வெறுங்கையோடு திரும்பினால் ப, ச என்று மாற்றிப் பாருங்கள். அங்கும் வினையின் மூல வடிவம்தான் வேண்டும்: 'போவு', 'சனு'.

வேற்றுமை ஏற்கும் வடிவங்களில் தமிழருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. வீடு, வீட்டு என்று மாறுவதைப் போலவே தெலுங்கில் இல்லு என்பது இண்டி ஆகும், ஏரு என்பது ஏடி ஆகும், நோரு என்பது நோடி ஆகும், நுய்யி என்பது நூதி ஆகும். அகராதியில் முதல் வடிவமே தலைச்சொல். ஏடி என்ற சொல்லைக் கண்டதும் 'ஆற்று' நினைவுக்கு வந்தால் ஏரு தானாக வந்துவிடும்.

தட்டச்சில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வல்லினத்துக்கு முன் வரும் மெல்லினத்தைத் தமிழ்ப் பழக்கத்தில் ங், ஞ், ண், ந், ம் என்று தனி மெய்யாக எழுதிவிடுவது முதலாவது. தெலுங்கில் எல்லாவற்றுக்கும் சுன்னா எனப்படும் ஒரே வட்டம்தான். 'அங்கடி' என்பதில் ங் எழுதினால் எதுவும் வராது, சுன்னா போட்டால் வரும். இரண்டாவது, பழைய பதிப்புகளிலிருந்து நகலெடுத்த செய்யுளில் உள்ள அரசுன்னா என்ற அரை வட்டம். அதை நீக்கிவிட்டுத் தேடுவதே மேல். வல்லின ற-வுக்கான பழைய தெலுங்கு எழுத்தையும் ஒருமுறை அப்படியே, ஒருமுறை சாதாரண ர-வாக என்று இரண்டு விதமாகவும் தேட வேண்டும். மூன்றாவது, இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும், கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி. சொல் சரியாகத் தெரிகிறது, விடை மட்டும் இல்லை என்றால் அதை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

இனிப் பாராட்டு. அச்சுப் புத்தகத்தில் செய்யவே முடியாத ஒன்றை இது செய்கிறது: தலைச்சொல்லில் மட்டும் இல்லாமல் விளக்க உரை முழுவதிலும் தேடலாம். ஆங்கிலத்தில் கற்பூரத்துக்கான சொல்லைக் கொடுத்தால் அது இடம்பெறும் தெலுங்குச் சொற்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒரே பொருளுக்குப் பல சொல் ஆளும் சதகப் பாடல்களுக்கு இது பெரிய உதவி. ஒவ்வொரு சொல்லும் தெலுங்கா, சமஸ்கிருதமா, இந்துஸ்தானியா என்று அடைப்புக்குள் குறிப்பு இருக்கும். அதை முழுதாக நம்ப வேண்டாம். மொழியியல் அவ்வளவு வளராத காலத்துக் குறிப்பு அது. தமிழோடு உறவு பார்க்க வேண்டும் என்றால் பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1984-ல் இரண்டாம் பதிப்பு வந்த திராவிட வேர்ச்சொல் அகராதி அதே தளத்தில் இருக்கிறது. அங்கே தெலுங்கு எழுத்து செல்லாது. ரோமன் எழுத்தில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் இனமொழிச் சொற்களோடு தெலுங்கும் வரும். 'வேறு', 'போல்' ஆகிய இரண்டையும் தட்டிப் பாருங்கள், மேலே கண்ட பாட்டில் பாதி வந்துவிடும்.

குறைகள் சின்னவை அல்ல. ராஜம்பேட்டை அருகே தாள்ளபாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியாரின் (அன்னமய்யா) கீர்த்தனைகள் திருமலையில் செப்பேடுகளில் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின. 1903-ஆம் ஆண்டு அகராதியில் அவர் ஆண்ட பேச்சுச் சொற்களுக்கு மேற்கோள் தேடுவது வீண். பொதுச் சொற்கள் கிடைக்கும். வீட்டுக்குள் புழங்கிய சொற்களுக்கு அகராதி கைவிரிக்கும். அதே தளத்தில் உள்ள குவின் அகராதியை (1991) நாடலாம் என்றால், அது இக்கால எழுத்துத் தெலுங்குக்கானது. செய்தித்தாளுக்கும் சிறுகதைக்கும் அருமையான அகராதி, கீர்த்தனைக்கு ஓரளவே உதவும்.

அல்லசானி பெத்தனாவின் மனுசரித்திரம் போன்ற பிரபந்தங்களில் (தெலுங்குக் காவியங்களில்) தொல்லை வேறு மாதிரி. ஒரு அடி முழுவதும் நீளும் சமஸ்கிருதத் தொகையைப் பிரவுனிடம் அப்படியே கொடுத்தால் ஒன்றும் ஆகாது. உறுப்புறுப்பாகப் பிரித்து, தெலுங்கு ஈற்றைக் கழற்றி, அங்கேயே இருக்கும் ஆப்தேயின் சமஸ்கிருத அகராதியில் பார்ப்பதுதான் வழி. சந்தியும் சமாசமும் பழகாதவர் பிரபந்தத்தில் இறங்காமல், ஆட்டவெலதி என்ற தெலுங்கு யாப்பில் அமைந்த வேமனர் பாட்டிலேயே ஆறு மாதம் இருப்பது நல்லது.

செடிகொடிப் பெயர்களுக்குக் கொடுத்திருக்கும் லத்தீன் பெயர்களில் பல இப்போது மாறிவிட்டன, அப்படியே எடுத்து எழுத வேண்டாம். விளக்கத்தின் ஆங்கிலமும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பழையது. சில சொற்களுக்கு இன்று பொருள் வேறு. மேற்கோள் நூல்களின் பெயர்கள் ஓரிரு எழுத்தில் சுருங்கிக் கிடக்கும், அவற்றைப் பழகச் சில நாள் ஆகும். ச என்ற எழுத்து அ, உ, ஒ முன்னால் 'த்ஸ' என ஒலிப்பதை அவர் ரோமன் எழுத்தில் தனியே காட்டுவது, ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்குக் கிடைக்கும் உபரி.

அச்சில் மறுபதிப்பும் வாங்கலாம், தடித்த புத்தகம். அகரவரிசையில் பக்கத்துச் சொற்களும் கண்ணில் படும் என்பது அதன் ஒரே ஆதாயம். இணையத்திலும் பக்க எண்ணைத் தொட்டால் அந்தப் பக்கச் சொற்கள் முழுதும் வந்துவிடுகின்றன. காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இருபது வேமனர் பாட்டை இணையத்தில் முடித்துப் பாருங்கள்.